நாலு ஈடு டோனட்டும் ஒரு களி உருண்டையும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மிக்சி, கிரைண்டர் எது வந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவேன். சமையலறைக்கும் எனக்கும் இருந்த உறவு மிக்சிக்குக் கப்ளர் மாற்றிக் கொடுப்பதோடு சரி. அப்படிப்பட்டவன் போன மார்கழியிலும் தையிலும் நாலு ஞாயிற்றுக்கிழமைகளை மைதா மாவில் செலவழித்தேன்.

காரணம் என் மகள். அத்தை வீட்டுக்குப் பெங்களூர் போனவள் அங்கே ஒரு கடையில் டோனட் தின்றுவிட்டு வந்தாள். தையில் அவளுக்குப் பிறந்தநாள். "கேக் வேணாம்ப்பா, டோனட்தான்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். பெங்களூர் இங்கிருந்து 90 கிலோமீட்டர். போய் வாங்கி வருவது பெரிய காரியம் இல்லை. ஆனால் கடை டோனட் எண்ணெயில் பொரித்தது. அம்மாவுக்குப் பொரித்த பண்டம் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதே இல்லை, தீபாவளிக்குக்கூட. அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு நாங்கள் மட்டும் தின்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் ஒரு ஓடிஜி அடுப்பு, அதாவது கேக், ரொட்டி சுடும் கரண்ட் அடுப்பு, சும்மா கிடந்தது. கீழ்க் காயில் அறுந்துபோய் ரிப்பேருக்கு வந்தது. கொண்டுவந்தவர் திரும்பி வரவேயில்லை. ஒரு வருடம் கழித்து நான் போன் செய்தபோது, "நீங்களே வெச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டார். காயில் மாற்றி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

முதல் ஈட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கைக்குக் கிடைத்த ஒரு குறிப்பில் 190 டிகிரி, 15 நிமிடம் என்று இருந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை 190-இல் வைத்து, சிவப்பு விளக்கு அணைந்ததும் தட்டை உள்ளே தள்ளினேன். பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தால் மேலே வெளிறிப்போய், அடியில் கருகி, கல் மாதிரி பத்து வளையம். மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அம்மாதான் டீயில் நனைத்துத் தின்று, "பொறை நல்லாத்தான் வந்திருக்கு கண்ணு" என்றார். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, அந்தப் பொறை.

திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பியது என் தப்பு. வேறு யாராவது நம்பியிருந்தால் பரவாயில்லை. சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைத் தினம் பார்க்கிறவன் நம்பலாமா?

அடுத்த வாரம் மாவைத் தொடவில்லை. கடையிலிருந்து மல்டிமீட்டரைக் கொண்டுவந்து, அதோடு வந்த, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டேன். முனை தட்டிலும் படாமல் காயிலுக்கு நேராகவும் வராமல், நடுத்தட்டுக்கு ஓர் அங்குலம் மேலே காற்றில் தொங்கியது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் கம்பி எத்தனை டிகிரி தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்; என்னுடையது 250 வரை. பிளாஸ்டிக் உறை போட்ட சாதாரண ஒயரை உள்ளே விட்டால் உருகிவிடும்.

திருகு 190-இல். ஏழாவது நிமிடம் விளக்கு அணைந்தது. உள்ளே காற்று 148 டிகிரிதான்! இந்த அடுப்பில் தெர்மோஸ்டாட் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. காயிலின் அனல் அதன்மேல் நேராக அடிக்க, நடுவில் காற்று சூடாவதற்கு முன்பே அது 'போதும்' என்று கரண்டை நிறுத்திவிடுகிறது. கால் மணி நேரம் அப்படியே விட்டேன். நாலைந்து தடவை விளக்கு எரிந்து அணைந்த பிறகு 160-க்கும் 178-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து தட்டு வைக்கும் நேரம் எண்ணி மூடினேன். மீட்டர் 110 காட்டியது. ஆக, முதல் ஈடு 190-இல் வேகவே இல்லை. கீழ்க் காயிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் அடி மட்டும் கருகியிருக்கிறது. மேல்பக்கம் வெளிறிய முகத்தோடு பதினைந்து நிமிடம் காய்ந்திருக்கிறது.

திருகை 220-க்கு ஏற்றி, 25 நிமிடம் முன்சூடு கொடுத்தபோது நடுவில் 185 முதல் 200 வரை நின்றது. அந்த எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். உங்கள் அடுப்புக்கு வேறு எண் வரும். மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு அடுப்புக்குள்ளேயே வைக்கும் சின்ன வெப்பமானி பாத்திரக் கடையில் கிடைக்கும். டோனட் அச்சு வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள். அச்சு இல்லாமலே நான் ஒப்பேற்றிவிட்டேன்.

எண்ணெயில் நடப்பது அடுப்பில் ஏன் நடப்பதில்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. 180 டிகிரி அடுப்பைத் திறந்து உள்ளே கையை ஒரு நொடி நீட்டி எடுக்கலாம். 180 டிகிரி எண்ணெயில் நீட்ட முடியுமா? எண்ணெய் மாவைச் சூழ்ந்து சூட்டை ஒரே மூச்சில் ஏற்றும். தோல் சட்டென்று இறுகி நிறம் பிடிக்கும், உள்ளே ஈரம் தங்கும். காற்று சோம்பேறி. நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் உள் ஈரம் ஆவியாகிவிடும். அதனால் அடுப்பில் சுடும்போது சூடு தாராளமாக, நேரம் சிக்கனமாக இருக்கவேண்டும். பொரித்த நிறத்துக்கு ஆசைப்படவே கூடாது.

இரண்டாவது ஈட்டில் ஒன்பதே நிமிடம். நடுத்தட்டில் வைத்து, அதற்குக் கீழே ஒரு காலித் தட்டை மறைப்பாகச் செருகினேன். மேலே இளம் பழுப்பு, அடியிலும் அதே நிறம். சூட்டோடு பிய்த்தபோது பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. மனைவி, "ஏங்க, கடையிலேயே வாங்கினதா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். ஆறு மணிக்கு எடுத்தால் விளிம்பெல்லாம் விறைத்திருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் பொறை. ஃப்ரிட்ஜில் வைத்தது இன்னும் மோசம். ரொட்டி வகை எதுவானாலும் ஃப்ரிட்ஜ் குளிரில்தான் சீக்கிரம் விறைக்கும், வெளியே மூடி வைத்திருந்தால் அவ்வளவு இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிறந்தநாள் விருந்து சாயங்காலம். சுடவேண்டியது காலையில், ஏனென்றால் மதியம் கடைக்குப் போயாக வேண்டும். எனவே சூட்டோடு தின்னும் டோனட் எனக்கு உதவாது.

மூன்றாவது ஈட்டில் கொஞ்சம் பேராசைப்பட்டேன். நம் ஊர் ராகி இருக்கிறதே என்று மைதாவில் 60 கிராமைக் குறைத்து ராகி மாவு போட்டேன். ராகியில் மைதாவைப் போல இழுவை கிடையாது. மாவு பாதிக்குமேல் எழும்பவில்லை. மண்நிறத்தில் கனத்த வளையம் வந்தது. வாசனை மட்டும் நன்றாக இருந்தது. மகள் தொடவில்லை. அன்றைக்கு ஈஸ்டும் பாதி செத்திருந்தது என்று நினைக்கிறேன். டப்பா திறந்து மூன்று மாதம் அலமாரியில் வெளியே கிடந்தது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கலந்து பத்து நிமிடம் பார்க்கிறேன். நுரை பொங்கினால் மேலே வேலை, இல்லாவிட்டால் சாக்கடையில். பால் விரல் வைத்தால் சுகமாக இருக்கவேண்டும். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும்.

மூன்றாவது ஈடு வீணானதும் ராகியால்தான், விடை கிடைத்ததும் ராகியால்தான்.

அன்று ராத்திரி கடையை மூடி வீட்டுக்கு வர மணி பத்து. காலையில் கிண்டிய ராகிக் களியில் ஓர் உருண்டை எனக்காகப் பானையில் இருந்தது. பக்கத்துத் தட்டில் மதியம் சுட்ட சப்பாத்தி ஒன்று, மதியம் சுட்ட டோனட் ஒன்று. சப்பாத்தி விறைத்திருந்தது. டோனட்டைப் பற்றிச் சொல்லவேண்டாம். பதினைந்து மணி நேரம் ஆன களி மட்டும் விரல் அழுத்தினால் குழிந்தது. அம்மாவிடம் கேட்டேன், "இது மட்டும் எப்படிம்மா காயாம இருக்கு?" அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நொய்ய வேகவெச்சு, மாவக் கொட்டி, துடுப்புல கிண்டி, மாவு தண்ணியக் குடிச்சு வெந்திருக்கு. வெந்த மாவு ஏன் காயும்? உன் மாவு பச்சையாத்தான அடுப்புக்குப் போகுது."

அதேதான். மாவைத் தண்ணீரோடு சூடாக்கினால் 65 டிகிரி வாக்கில் அதன் ஸ்டார்ச் பொம்மிப் பெருத்துத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். பச்சை மாவு குளிர்ந்த நிலையில் அவ்வளவு தண்ணீரைப் பிடிக்காது. அந்த அளவுக்கு ஊற்றினால் கையில் நிற்காமல் வழியும். சீனாவிலும் ஜப்பானிலும் ரொட்டி மிருதுவாக இருக்க இதையே செய்கிறார்கள். கூழாகக் காய்ச்சிச் சேர்த்தால் டாங்ஜோங் என்றும், கொதிநீர் ஊற்றிப் பிசைந்து சேர்த்தால் யுடானே என்றும் பெயர். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல கூழுன்னு பேரு" என்றார்.

நாலாவது ஈட்டை இனி அளவோடு சொல்கிறேன். பிறந்தநாளுக்கு முந்தைய ஞாயிறு. மொத்த மைதா 300 கிராம். அதில் 20 கிராமைத் தனியே எடுத்து, 100 மி.லி. பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டினேன். இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டி இழுத்த தடம் அடியில் தெரியும் அளவுக்குக் கெட்டிப்பட்டது. கூழ் பதம், களி பதத்துக்கு விட்டுவிடக் கூடாது. மேலே ஆடை கட்டாமல் ஒரு தட்டால் மூடி ஆறவிட்டேன். சூடான கூழை ஈஸ்டோடு சேர்த்தால் முதலுக்கே மோசம்.

மீதி 280 கிராம் மைதா, 40 கிராம் சர்க்கரை, 4 கிராம் உப்பு, ஒரு முட்டை, ஆறிய கூழ், 5 கிராம் ஈஸ்ட் கலந்த 75 மி.லி. வெதுவெதுப்பான பால். எல்லாவற்றையும் கலந்து இருபது நிமிடம் மூடி வைத்தேன். இந்த ஓய்வு கையின் உழைப்பில் பாதியைக் குறைக்கிறது. அதன் பிறகுதான் 40 கிராம் வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தேன். முதல் ஐந்து நிமிடம் மாவு விரலெல்லாம் ஒட்டும், மேடையில் அப்பிக்கொள்ளும், இன்னும் ஒரு பிடி மைதா போடலாமே என்று கை பரபரக்கும். போடாதீர்கள். என்னுடைய இரண்டாவது ஈடு சாயங்காலம் காய்ந்ததில் அந்த ஒரு பிடி மைதாவுக்கும் பங்கு உண்டு. பரோட்டா மாஸ்டர் அடிப்பது போல மாவைத் தூக்கி மேடையில் அடித்து மடித்துக்கொண்டே இருந்தால், பன்னிரண்டு நிமிடம் வாக்கில் தானாகவே கையை விட்டு வருகிறது. சின்னத் துண்டு கிள்ளி நான்கு விரலால் விரித்தால் வெங்காயச் சருகு மாதிரி ஒளி ஊடுருவும்படி விரியவேண்டும். கிழிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் ஊரில் காலைக் குளிர் கொஞ்சம் பலமாகவே இருக்கும். முதல் ஈடுகளில் மாவு இரட்டிப்பாக இரண்டு மணி நேரம் ஆனது. இந்தத் தடவை அணைத்திருந்த ஓடிஜிக்குள் ஒரு டம்ளர் வெந்நீரையும் மாவுப் பாத்திரத்தையும் வைத்துக் கதவை மூடினேன். ஒரு மணி நேரத்தில் இரட்டித்தது. சித்திரை வெயிலில் இதெல்லாம் தேவைப்படாது. முக்கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்காவிட்டால் புளித்தே போகும்.

காற்றை அமுக்கி எடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தேன். சப்பாத்திக் கனத்துக்குத் தேய்க்கும் கை சும்மா இருக்காது, அடக்கிக்கொள்ள வேண்டும். வளையத்துக்கு எவர்சில்வர் டம்ளரின் வாய். ஓட்டைக்கு முதலில் தண்ணீர் பாட்டில் மூடியைப் பயன்படுத்தினேன். மாவு எழும்பியதும் ஓட்டை தொப்புள் மாதிரி சுருங்கிவிட்டது. இப்போது அம்மாவின் மாத்திரை டப்பா மூடி, மூன்றரை சென்டிமீட்டர். சரியாக நிற்கிறது. ஒன்பது வளையம் வந்தது, விளிம்பு மிச்சத்தைத் திரட்டி இன்னொன்று. திரட்டியது எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அது எனக்கு.

பட்டர் பேப்பரை உள்ளங்கை அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் ஒவ்வொன்றின்மேல் வைத்தேன். பல தடவை சொல்லத் தோன்றும் அளவுக்கு இது உதவியது. இரண்டாவது தடவை எழும்பிய வளையம் காற்றடைத்த பலூன். கையால் தூக்கினால் அமுங்கிவிடும். காகிதத்தோடு நகர்த்தினால் அலுங்காது. ஈரத்துணி மூடி முப்பத்தைந்து நிமிடம். விரல் நுனியால் லேசாகத் தொட்டபோது குழி மெதுவாக எழும்பி, சின்னத் தடம் மட்டும் மிச்சமிருந்தால் சரியான பதம். சட்டென்று எழும்பினால் பொறுக்கவேண்டும். எழும்பவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது, அடுப்பில் சப்பையாகிவிடும்.

அடுப்பு அதற்குள் திருகு 220-இல் 25 நிமிடம் காய்ந்திருந்தது. கதவைத் திறந்து, தட்டைத் தள்ளி, மூடியதும் திருகை அப்படியே விட்டேன். எட்டரை நிமிடம். சந்தேகத்துக்கு ஒன்றின் பக்கவாட்டில் தெர்மோகப்பிளைக் குத்திப் பார்த்தேன் (டெட்டாலில் துடைத்துத்தான் குத்தினாயா என்று மனைவி கேட்டாள், வெந்நீரில் கழுவித்தான்). 91 டிகிரி. 90 தொட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஈரம் போகும் நிமிடம். நிறம் வெளிர்ப் பொன்னாக, கொஞ்சம் ஏழையாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

வெளியே வந்த அந்தச் சூட்டிலேயே உருக்கிய வெண்ணெயைத் தடவவேண்டும். பத்துக்கும் சேர்த்து 25 கிராம் பிடித்தது. தோல் இளகி, நிறம் ஒரு படி ஏறி, கடை டோனட்டின் சாயல் வந்தது. பாதியை ஏலக்காய் போட்டுப் பொடித்த சர்க்கரையில் புரட்டினேன். ஆறவிட்டுப் புரட்டினால் சர்க்கரை ஒட்டாது.

மீதிப் பாதிக்கு மாம்பழப் பூச்சு. எங்கள் மாவட்டம் மாம்பழக் கூழ் ஊர். மா மரம் பூத்துக்கொண்டிருக்கும் தை மாதத்திலும் டப்பாக் கூழுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரா என்று நாங்கள் சொல்லும் கிளிமூக்கு மாங்காயின் கூழ்தான் இதற்குப் பொருத்தம் என்பது என் கட்சி. அதில் கொஞ்சம் புளிப்பு உண்டு. அல்போன்சா கூழ் மணக்கும், ஆனால் சர்க்கரையோடு சேர்ந்தால் திகட்டிவிடும். டப்பாவிலிருந்து அப்படியே கலந்தபோது பூச்சு நிற்காமல் வழிந்து தட்டில் குளம் கட்டியது. அதனால் 100 மி.லி. கூழைச் சின்ன வாணலியில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறவிட்டு, அதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, மிக்சியில் பொடித்த சர்க்கரை 100 கிராமோடு குழைத்தேன். டோனட்டைத் தலைகீழாக அதில் முக்கி, ஒரு திருப்பு திருப்பி எடுத்தால் மஞ்சள் தொப்பி. இது மட்டும் டோனட் ஆறிய பிறகு. சூட்டில் முக்கினால் மறுபடியும் குளம்.

கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி. முன்சூடும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணெய் இல்லை என்பதற்காக இது மருந்துணவு ஆகிவிடாது. மைதா, சர்க்கரை, 65 கிராம் வெண்ணெய் எல்லாம் உள்ளே இருக்கிறது. அம்மாவுக்குப் பாதி டோனட்தான் என்று பேசி வைத்தோம்.

காலை பத்தரைக்குச் சுட்டதை மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் எடுத்து அழுத்தினாள். குழிந்து எழும்பியது. மறுநாள் காலை பள்ளிக்கூட டப்பாவில் போனதும் மிருதுவாகவே இருந்ததாகத் தகவல். இரண்டாம் நாள் ராத்திரி கடைசி ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. தோசைக்கல்லில் மூடி போட்டு அரை நிமிடம் வைத்ததும் சரியாகிவிட்டது.

பிறந்தநாளுக்கு இதே அளவை இரண்டு மடங்காக்கி இருபது வளையம் சுட்டேன். இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் தள்ளாமல் ஒவ்வொன்றாக. இரண்டாவது தட்டு வெளியே காத்திருந்த இருபது நிமிடத்தில் அளவுக்கு மீறி எழும்பிவிட்டது. அந்தப் பத்தும் கொஞ்சம் சப்பை. அடுத்த தடவை இரண்டாவது பாதியைத் தேய்ப்பதையே தள்ளிப்போட வேண்டும்.

ஓட்டைக்காக வெட்டி எடுத்த நடு உருண்டைகளை எறியாமல் ஒரு சின்னத் தட்டில் தனியாகச் சுட்டு, ஆறே நிமிடத்தில் எடுத்துவிடுவேன். அவற்றை எண்ணி வைக்கிறவர் யாரும் இல்லை. பாதி டோனட்டை எல்லார் எதிரிலும் கணக்காகப் பிட்டுத் தின்ற அம்மா, விருந்தாளிகள் போனபின் அந்தத் தட்டைக் காலி செய்திருந்தார். கேட்டதற்கு, "ஓட்டைக்கு என்னடா கணக்கு?" என்கிறார்.